மல்லாட்டைக் கம்பெனிக்கு எடுத்த படம்

நான் செய்த ஒரு காரியத்தால் எட்டுப் பெண்களுக்கு வேலை போக இருந்தது. போகவிடாமல் தடுத்தவர், என்னோடு பதினேழு வருடங்களாக வேலை செய்யும் கேமராமேன். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் போகும் என்பது ஒரு காரணம். நேரில் பாராட்டினால் அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார் என்பது இன்னொன்று. எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. நான் எழுதுகிற எதையும் அவர் படிப்பதில்லை, ஸ்கிரிப்டைக்கூட.

விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. விளம்பரப் படமும் கம்பெனிப் படமும் எடுக்கிறோம். ஸ்கிரிப்ட் எழுதுவது, பார்ட்டியிடம் பேசுவது, எடிட் பண்ணுவது, கத்துவது எல்லாம் என் வேலை. கேமரா அவருடையது. அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் அவசரப்படாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்பார். நான் கத்த ஆரம்பித்தால் "யம்மா" என்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். திட்டும்போதும் அண்ணாதான்.

அவர் வீட்டில் அவருக்கு முன்னால் யாரும் கேமராவைத் தொட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் வளவனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். இவர் முதலில் சர்ச் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தார், பிறகு எல்லாக் கல்யாணங்களுக்கும் எடுத்தார். அப்புறம் உள்ளூர் கேபிளுக்கு ஜவுளிக்கடை விளம்பரம், திண்டிவனத்தில் நகைக்கடை, எலும்பு ஆஸ்பத்திரி, இன்ஜினியரிங் காலேஜ், செங்கல் சேம்பர், ரைஸ் மில் என்று போய்க்கொண்டே இருந்தது. கேமராமேன் என்று அறிமுகப்படுத்தினால் யாராக இருந்தாலும் அடுத்து ஒரே கேள்விதான் கேட்பார்கள். எந்தப் படம் பண்ணியிருக்கீங்க?

"வளவனூர் ரைஸ் மில் படம் பாத்தீங்களாங்க? அது நான் பண்ணதுதான்" என்பார் அவர். கேலியாகச் சொல்வதில்லை. நிஜமாகவே அந்தப் படத்தில் அவருக்குப் பெருமை உண்டு. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் உமித்தூசி சுழன்று சுழன்று இறங்குவதை அதில் எடுத்திருந்தார். மில்காரர் அதைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் இந்தத் தூசியில்தான் இருமிக்கொண்டிருந்தேன், இவ்வளவு அழகு என்று தெரியாமல் போய்விட்டதே என்றார்.

சென்னையிலிருந்து ஒரு தடவை சினிமாவுக்கும் கூப்பிட்டார்கள். போனார். மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் ஏன் வந்தீர்கள் என்று அதட்டினேன்.

"அங்க டீக்கடைன்னா டீக்கடை மாரி செட்டு போட்டு, டீ ஆத்தத் தெரியாத ஒருத்தர நிக்க வெச்சி எடுக்கறாங்கம்மா. அவருக்கு டீ ஆத்தக் கத்துக்குடுக்கவே ஒரு நாள் ஆவுது. இங்க நெஜமா ஆத்தறவரையே எடுக்கலாமே."

அவ்வளவுதான் அவருடைய விளக்கம். அதன் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் ஷூட்டிங்குக்கு முதல் நாள் கேமரா இல்லாமல் வெறுங்கையோடு போவார். ஆபீஸ் அறைக்குப் போகமாட்டார். வேலை நடக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, இதை நானும் கொஞ்சம் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டு, அரை நாள் அந்த வேலையைச் செய்வார். செங்கல் அடுக்கியிருக்கிறார். ரைஸ் மில்லில் மூட்டை தைத்திருக்கிறார். காலேஜ் படம் எடுத்தபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்கக் கேட்டார், ஒன்றும் புரியவில்லை என்று வெளியே வந்து ஒத்துக்கொண்டார். மறுநாள் கேமராவைத் தூக்கும்போது ஒவ்வொருவரிடமும் "எடுக்கலாமாங்க?" என்று கேட்பார். ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது தடவை கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பட்டுப்புடவைக் கடை விளம்பரத்தில் அரக்குப் புடவையை இன்னும் கொஞ்சம் சிவப்பாகக் காட்டச் சொன்னார் கடைக்காரர். அது எடிட்டில் இரண்டு நிமிட வேலை. இவர் அந்தப் புடவையையே கொண்டுவரச் சொல்லி டிவிக்குப் பக்கத்தில் பிரித்துப் போட்டார். "கலர மாத்தலாங்க. டிவில பாத்துட்டு வர்றவங்க கடையில வேற கலர் இருக்குதுன்னா யாரத் திட்டுவாங்க? உங்களயா? கவுண்டர்ல நிக்கிற பொண்ணத்தான் திட்டுவாங்க." கடைக்காரர் கொஞ்ச நேரம் புடவையையும் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அரக்கு அரக்காகவே இருந்தது. அந்தக் கடைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கவுண்டர் பெண்ணைப் பற்றி அதுவரை நினைத்ததில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்தது மரியாதையா பொறாமையா என்று இன்னும் தெரியவில்லை.

இனி மல்லாட்டைக் கம்பெனிக்கு வருகிறேன். கூட்டேரிப்பட்டு தாண்டி உள்ளே போனால் வரும். மல்லாட்டைப் பருப்பை, அதாவது வேர்க்கடலையை, தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நீளமான ஹால், அதில் பருப்பைச் சுமந்து பெல்ட்கள் ஓடும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து சொத்தை, சுருங்கல், தோல் போனது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். உள்ளே போகிற யாரும் வெள்ளைக் கோட்டு, குல்லா, மாஸ்க் போட வேண்டும். வளையல், நகை, பூ, பொட்டு எதுவும் கூடாது. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் அதில் கறாராக இருப்பார்களாம். அவர்களுக்குக் காட்டத்தான் படம். இதைப் பார்த்து அவர்கள் திருப்திப்பட்டால்தான் ஆர்டர் தொடரும் என்று மேனேஜர் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

அண்ணன் வழக்கம்போல முதல் நாளே போய் பெல்ட்டில் உட்கார்ந்து பருப்பு பொறுக்கினார். இவர் விட்ட சொத்தையை எல்லாம் எதிரே இருந்த பெண்கள் பொறுக்கிப் போட்டு ஓயாமல் சிரித்தார்களாம். அன்று சாயங்காலம் பெல்ட் சூப்பர்வைசர், அவரும் பெண்தான், நாளைக்கு ஷூட்டிங் என்று எல்லாருக்கும் போனில் செய்தி போட்டார். நாங்கள் யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நாற்பது பெண்களும் பட்டுப்புடவையில் இறங்கினார்கள். தலை நிறைய மல்லி. கழுத்தில் சொந்த நகையும் இரவல் நகையும். பவுடர், நகப்பூச்சு, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். கல்யாணத்துக்கு எடுத்து மடித்து வைத்திருந்த புடவைகள் என்று மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஷூட்டிங் என்றால் வேறு எப்படி வருவார்கள்? நானாக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன். ஆனால் அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஐயோ, அரை நாள் போச்சே என்றுதான் தோன்றியது.

மேனேஜர் ஓடிவந்தார். "இன்னா இது? கல்யாணத்துக்கா வந்தீங்க? எல்லாத்தையும் கழட்டுங்க. மூஞ்சி கழுவுங்க. ஜல்தி!"

 ஒரு பெண் கொண்டையில் கை வைத்துப் பூவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் அண்ணன். "உள்ள லைட் செட் பண்ண எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் இவங்க சும்மாதான் நிக்கணும். அப்புறமா கழட்டட்டும்."

லைட் எல்லாம் விடிந்ததுமே செட் பண்ணி முடித்தாயிற்று. பதினேழு வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. 

மேனேஜர் தலை மறைந்ததும் அண்ணன் வெளி முற்றத்தில் லாரி ஏற்றுகிற ஷெட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் சுவரைப் பார்த்து வைத்தார். ஷெட்டின் திறந்த பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது. மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தார். ஒவ்வொருவராக வந்து நில்லுங்கள், உங்களுக்காக ஆளுக்கு ஒரு படம் என்றார்.

"அண்ணா, உள்ளேயே லைட் ரெடியா இருக்கு. அங்க நிக்க வெச்சா சீக்கிரம் முடியும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஹால் வாசல்ல இருக்கற மஞ்சக் கோடு தாண்டி பூவு நகையோட வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்காங்கம்மா."

"போட்டோ எடுக்கத்தானே? பருப்பா பொறுக்கப் போறாங்க?"

"போர்டுல போட்டோன்னு தனியா ஒண்ணும் எழுதலையே" என்றார். போர்டை எழுதியது நானாக இருந்தால் கழற்றி எறிந்திருப்பேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் கோபத்திலேயே கழித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, எடுக்கலாமாங்க என்று கேட்டு, பத்து நொடி வீடியோவும் ஒரு போட்டோவும் எடுத்தார். சிரிக்கச் சொல்லவில்லை. "சிரிப்பு வந்தா சிரிங்க. வரலன்னா சும்மா பாருங்க, போதும்." ஒருத்தி நிற்கும்போது மற்றவர்கள் கத்தினார்கள். "இன்னாக்கா, பொண்ணு பாக்க வர்றாங்களா? தலைய நிமித்து!" ஒரு அக்கா கேமராவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என் வீட்டுக்காரரே என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்றார். ஷெட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியாகக் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். பச்சைப் பட்டு, மெல்லிய சரிகை. அவர் பெல்ட்டில் இல்லை. கம்பெனியில் கக்கூஸ் கழுவி, முற்றம் பெருக்கி, சாயங்காலம் பெல்ட் நின்றபின் ஹாலையும் துடைக்கிறவர். எனக்கா, எனக்கெதுக்கு என்று பின்வாங்கினார். அண்ணன் தெர்மாகோல் அட்டையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். அவர் வந்து நின்றார். நான் எடிட்டில் பார்த்த நாற்பத்தொரு முகங்களில் அந்த முகம்தான் என்னால் மறக்க முடியாதது.

அதன்பின் எல்லோரும் முகம் கழுவி, கழற்றி வைத்து, வெள்ளைக் கோட்டில் உள்ளே போனார்கள். படம் நன்றாகவே வந்தது. "க்ளீன் பண்றது வேணாமாம்மா? அந்தம்மா பண்றத ஒரு ஷாட் எடுத்துக்கலாமா?" என்று சாயங்காலம் அண்ணன் கேட்டார். ஸ்கிரிப்டில் இல்லை, சாப்பிடுகிற பொருள் படத்தில் கக்கூஸ் எல்லாம் எதற்கு, சாமானைக் கட்டுங்கள் போகலாம் என்றேன். எல்லா முகப்படங்களையும் திண்டிவனத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், போனுக்கும் அனுப்பினார். என்னிடம் ஹார்ட்டிஸ்கைத் தந்தபோது ஒன்று மட்டும் சொன்னார். "முகம் எடுத்தது அவங்களுக்கும்மா. கம்பெனிக்கு இல்ல."

அவர் அடுத்த வேலையாகப் பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் விளம்பரத்துக்குப் போய்விட்டார். நான் தனியாக எடிட்டில் உட்கார்ந்தேன். படம் முடிகிற இடம் சப்பென்று இருந்தது. கன்டெய்னர் கதவு மூடுகிறது, கம்பெனி பெயர் வருகிறது, அவ்வளவுதான். பக்கத்து ஃபோல்டரில் அந்த முகங்கள் இருந்தன. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.  இன்னொன்று போட்டேன். எட்டு முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் அந்தப் பச்சைப் பட்டு அம்மா. அவர் சொன்னது ஞாபகம் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் இவ்வளவு நல்ல வேலை ஃபோல்டருக்குள் கிடந்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன். அவரைக் கேட்கவில்லை. அந்தப் பெண்களையும் கேட்கவில்லை. கம்பெனி முதலாளி மட்டும் பார்த்துக் கண்கலங்கினார். படம் வெளிநாடு போயிற்று.

நான்காம் நாள் மேனேஜர் போன் செய்தார். அங்கிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். உங்கள் தொழிலாளர்கள் பூவும் நகையும் வளையலும் நகப்பூச்சுமாக இருக்கிறார்களே, இப்படித்தான் வேலை நடக்கிறதா, ஒவ்வொருவருக்கும் விளக்கம் வேண்டும், வரும்வரை அடுத்த கன்டெய்னர் எடுக்கமாட்டோம்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேங்க மேடம்" என்றார் மேனேஜர், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. "அந்த எட்டுப் பேரையும் நாளையிலேருந்து நிறுத்திடறேன். ஆக்ஷன் எடுத்துட்டோம்னு எழுதிட்டா அவங்களுக்கு அது போதும்."

 வேறு யாரிடமாவது பழி போட வழி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்தேன். இல்லை. பொம்மையார்பாளையத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். 

"ஹார்ட்டிஸ்க்க எடுத்துக்கினு கம்பெனிக்கு வாங்க. நான் நேரா வர்றேன்" என்றார். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மேனேஜர் அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம். அந்த மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. கன்டெய்னர் நின்றால் நாற்பது பேரும் வீட்டில்தான் உட்கார வேண்டும், எட்டோடு போகட்டுமே என்பது அவர் கணக்கு.

"சார், இந்த எட்டும் எடுத்தது வெளி ஷெட்ல. மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம். சுவரப் பாருங்க" என்று அண்ணன் காட்டினார். "வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. நேரம் க்ளிப்புலயே பதிவாயிருக்குது."

அன்று உள்ளே நிற்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரிங்க. ஆனா இவங்களேதான் உள்ள நகை இல்லாம வேல செய்றாங்கன்னு எப்படிக் காட்டறது? ஆளாளுக்கு விளக்கம் கேக்கறானே" என்றார் மேனேஜர். "உள்ள எல்லாரும் குல்லா, மாஸ்க். யாரு யாருன்னு எனக்கே தெரியாதுங்க."

எனக்கும் தெரியாது. மூன்று நாள் அந்தப் படத்தை வெட்டி ஒட்டியவள் நான். பெல்ட்டில் இருந்தது வரிசையாக வெள்ளைக் கோட்டு, அவ்வளவுதான் என் கண்ணுக்கு.

அண்ணன் ஹாலில் எடுத்த க்ளிப்களை ஓடவிட்டார். ஒரு இடத்தில் நிறுத்தினார். "இது முதல் ஆளு. எடது கையால பொறுக்கறாங்க பாருங்க. இந்த பெல்ட்டுல எடது கை இவங்க ஒருத்தர்தான்." முகப்படத்தைப் பக்கத்தில் வைத்தார். மாஸ்க்குக்கு மேலே இருந்த கண்ணும், மல்லிக்குக் கீழே இருந்த கண்ணும் ஒன்றுதான். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, ஆமாம் சார், அவளேதான் என்றார். அடுத்தது ஓடியது. "இவங்களுக்கு மணிக்கட்டுல எண்ண பட்ட தழும்பு." அடுத்தது. "இவங்க பொறுக்கறப்ப புருவம் ஏறும். சொத்தை கெடச்சா எறங்கும்." அதற்கும் சூப்பர்வைசர் தலையாட்டிச் சிரித்தார். ஒரு தடவைகூட அண்ணன் தேடவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துதான் ஓடவிட்டார்.

இதை எப்படிச் சொல்வது? நான் அவரை நல்ல கேமராமேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் தெரிந்தவர், கலர் தெரிந்தவர் என்று. அவர் அந்தப் பெல்ட்டில் உட்கார்ந்து அரை நாள் பருப்பு பொறுக்கியபோது மனிதர்களைக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

ஏழு பேர் முடிந்தது. எட்டாவது பச்சைப் பட்டு.

லேப்டாப்பை நிறுத்தினார். "இவங்கள உள்ள நான் எடுக்கலங்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. எடுக்கவிடாதவள் நான் என்பதை அவர் சொல்லவும் இல்லை.

"அப்ப ஒருத்தர்தானே. அவங்கள மட்டும் நிறுத்திடலாம்" என்றார் மேனேஜர். சொல்லும்போதே அவர் குரலில் பாரம் இறங்கியது தெரிந்தது. நான் வேண்டாம் என்று கத்தினேன். நான் சொல்லித்தான் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது, இப்போதே எடுக்கிறோம் என்றேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவர் கதவுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. நான் வெளியே போய்ப் பைப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் வேலை செய்வதை ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறோம், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவர் முகம் மாறியது.

"வேணாம்மா. கழுவறத எடுக்காதீங்க. பெல்ட்டுல உக்காந்து மல்லாட்ட பொறுக்கறேன்னுதான் வூட்டுல சொல்லிக்கினு இருக்கேன். பொண்ணு காலேஜு படிக்குது. தெரிஞ்சா ஒண்ணும் சொல்ல மாட்டா. படிப்ப வுட்டுட்டு நான் வேலைக்குப் போறேன்னு கெளம்பிடுவா. அதுக்கு என்னை வேலைய வுட்டு நிறுத்தட்டும், பரவால்ல."

இந்தப் படம் வெளிநாட்டுக்குத்தான் போகும், உங்கள் வீட்டுக்கு வராது என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். ஒருமுறை வெளியே போகக்கூடாததைப் போகவிட்டவள் நான்தானே. உள்ளே வந்து அண்ணன் காதோரம் சொன்னேன்.

 அவர் மேனேஜரிடம், "சார், சாயங்காலம் ஹாலைத் துடைக்கறது இவங்கதான?" என்றார்.

"ஆமா."

"கோட்டு, குல்லா, மாஸ்க் போட்டுக்கினு கை கழுவிட்டுத்தான போவணும்? போர்டுல உள்ள போற எல்லாரும்னு போட்டிருக்குது."

 சூப்பர்வைசர்தான் மெதுவாகச் சொன்னார். "ரூல் அதான் சார். ஆனா க்ளீனிங் ஆளுக்குக் கோட்டு குடுக்கறது இல்ல. பெல்ட் ஆளுக்கு மட்டும்தான் வரும்."

"அப்ப இப்ப குடுத்துடுங்க. இனிமே தெனமும் குடுங்க" என்றார் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. "குடுத்துட்டு எடுத்தா அது பொய் இல்ல. குடுக்காம எடுக்க மாட்டேன்."

மேனேஜர் தன் மேஜையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். எழுந்து ஸ்டோர் அறைக்கு அவரே போனார். உறை பிரிக்காத ஒரு செட்டை எடுத்துவந்து அந்த அம்மா கையில் கொடுத்தார்.

ஹால் வாசலில் கை கழுவுகிற இடத்தில் அண்ணன் எடுத்தார். அந்த அம்மா வளையலைக் கழற்றினார், குல்லாவுக்குள் முடியைத் தள்ளினார், மாஸ்க்கை ஏற்றினார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். எடுக்கலாமாங்க என்று அண்ணன் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார். கோட்டு கொஞ்சம் பெரிதாக இருந்தது. அந்த நடையில் ஒரு கூச்சம் இருந்தது, நாலு அடி போனதும் அது இல்லை.

எடுத்து முடித்ததும் பார்க்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். அண்ணன் கேமராவைத் திருப்பிக் காட்டினார். அவர் மாஸ்க்கை இறக்காமலே குனிந்து, முழுவதையும் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"நானும் பெல்ட்டுல இருக்கறவங்க மாரியேதான் இருக்கேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி அண்ணனிடம் கேட்டார். "இதையும் என் போனுக்கு அனுப்புவீங்களாண்ணா? வேல செய்யறப்ப ஒரு போட்டோ எடுத்துக்கினு வாம்மான்னு பொண்ணு ரொம்ப நாளா கேட்டுக்கினே இருக்குது."

அண்ணன் அங்கேயே நின்று அனுப்பினார். போய்ச் சேர்ந்ததா என்று அந்த அம்மாவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கேமராவை மூடினார்.